கடிகாரம் அரை மணி தாண்டிய இரவு

நண்பர்களே, இந்த மாதப் பாடத்தை ஒரு கேள்வியோடு தொடங்குவோம். வெள்ளிக்கிழமை ராகு காலம் எத்தனை மணிக்கு? யாரைக் கேட்டாலும் "பத்தரையிலிருந்து பன்னெண்டு" என்று தூக்கத்தில்கூட சொல்வார்கள். ஆயர் ஈத்தாமில் அது சரிதானா?

முதலில் கொஞ்சம் வரலாறு. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனதும், தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் நேராக 12 மணிக்குத் தள்ளி வைக்கப்பட்டன. சபா, சரவாக் ஏற்கெனவே அரை மணி முன்னால் இருந்தன. நாடு முழுக்க ஒரே நேரம் வேண்டும் என்பதே காரணம். சிங்கப்பூரும் கூடவே மாறியது. அதற்கும் முன்பே, ஜப்பான்காரன் காலத்தில் தோக்கியோ நேரம் என்று ஒன்றரை மணி நேரம் தள்ளியிருந்தார்கள்.

1982இல் மக்கள் எப்படிப் பழகினார்கள்? எங்கள் பாட்டி சொல்வது இது: "கொஞ்ச நாள் பழைய நேரம், புது நேரம்னு ரெண்டு தடவ சொல்வோம். அப்புறம் வாய் தானா விட்டுருச்சு."

தானாக எப்படி விடும்? மெட்ரோனோம் சத்தத்துக்கு விரல் தட்டச் சொல்லி இதை ஆராய்ந்திருக்கிறார்கள். தாளம் ஒருமுறை சற்றுத் தள்ளிப்போய், பிறகு அதே வேகத்தில் தொடர்ந்தால், சில தட்டுகளிலேயே விரல் சேர்ந்துகொள்கிறது. மாற்றம் மிகச் சிறியது என்றால் நமக்குத் தெரியாமலே அது நடந்துவிடும். வேகமே மாறினால்தான் கவனம் தேவை. பஜனையில் பாட்டு துரிதமாகும்போது கைதட்டு கொஞ்சம் தடுமாறுவது இதனால்தான். 1982 மாற்றம் முதல் வகை: நாளுக்கு அதே 24 மணி, தொடக்கம் மட்டும் நகர்ந்தது. நம்ம கொடிமலை ரயில் இரண்டாம் வகை. நடு ஸ்டேஷனில் இறங்கி மாறி அரை மணி போன பயணம், 2011இல் புது ரயில் வந்ததும் பத்து நிமிடத்துக்குள் சுருங்கியது. மலை மேல முருகனைப் பார்க்கக் கிளம்பும் நேரத்தையே மாற்றணும்.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு: தவறு உடனே உறைக்க வேண்டும். பள்ளி மணி, பஸ், சந்தை எல்லாம் "நீ லேட்" என்று சொல்லிவிடும். ராகு காலத்துக்கு மணி அடிப்பவர் யார்?

நாம் மனப்பாடம் செய்த அட்டவணை, காலை 6 மணிக்குச் சூரிய உதயம் என்று வைத்துப் போட்டது. பகலை எட்டாகப் பிரித்து, வெள்ளிக்கு நான்காம் பாகம். தமிழ்நாட்டுக்கு அது ஓரளவு பொருந்தும். சென்னையில் சூரியன் சராசரியாக 12.10க்கு உச்சிக்கு வருகிறது. பினாங்கில் ஏறக்குறைய 1.20 ஆகிவிடும். இங்கே உதயமே 7 மணிக்கு மேல்தான்.

கணக்குப் போடுவோம். 7.15க்கு உதித்து மாலை 7.15க்கு மறையும் நாள் என்றால், ஒரு பாகம் ஒன்றரை மணி. வெள்ளி ராகு காலம் 11.45 முதல் 1.15 வரை. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வேலை நேர்முகத் தேர்வு வந்தால் "போகாதே" என்று பிள்ளையைத் தடுக்கும் வீடுகள் இன்றும் உண்டு. ராகு காலம் பார்ப்பதும் பார்க்காததும் அவரவர் விருப்பம். ஆனால் நம் சாஸ்திரக் கணக்குப்படியே அந்தப் பத்தரை நல்ல பொழுது! தடுப்பது ராகு இல்லை, வேற ஊர்க் கடிகாரம். பெரியவர்களிடம் வாதாட வேண்டாம். உள்ளூர் உதயத்துக்குக் கணித்த பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்து, சேர்ந்து கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு எட்டாம் பாகம். "ஆறு மணிக்கு ராகு காலம் முடிஞ்சிரும், அப்புறம் வகுப்ப ஆரம்பிக்கலாம்" என்று காத்திருக்கும் நண்பர்களே, அதே நாளில் அது 5.45க்குத்தான் தொடங்குகிறது.