கல்லூரியும் களமும்

நுழையும்முன்

படிப்பா, விளையாட்டா என்னும் கேள்வி பல வீடுகளில் எழுகிறது. ஒன்றைப் பற்றினால் மற்றொன்றைக் கைவிட வேண்டும் என்றே பலரும் எண்ணுகின்றனர். பட்டம் பெற்ற பின்னரே தொழில்முறைக் களத்தில் இறங்கிய ஒரு டென்னிஸ் வீரரின் வாழ்க்கையை இப்பாடத்தில் காண்போம்.

டென்னிஸ் என்றதும் ஐதராபாத் மாணவர்களின் நினைவுக்கு முதலில் வருபவர் சானியா மிர்சா. அவர் 2003ஆம் ஆண்டில், பதினாறு வயதிலேயே தொழில்முறை ஆட்டக்காரரானார். இவ்விளையாட்டில் முன்னேற விரும்புவோர் பலரும் அவ்வாறே இளமையில் தொடங்குகின்றனர். சோம்தேவ் தேவ்வர்மன் தேர்ந்தெடுத்த வழி வேறு.

சோம்தேவ் 1985ஆம் ஆண்டு அசாமில் உள்ள குவாகாத்தியில் பிறந்தார். திரிபுராவைச் சேர்ந்த அவருடைய குடும்பம், கொல்கத்தாவில் சில ஆண்டுகள் வாழ்ந்தபின் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. ஒன்பதாம் வயதில் அவர் டென்னிஸ் பயிலத் தொடங்கினார்.

பள்ளிப்படிப்பு முடிந்ததும் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து சமூகவியல் பயின்றார். அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல, திறன்மிக்க வீரர்களுக்கு உதவித்தொகையும் பயிற்சியும் அளிக்கின்றன. அவர்கள் கல்லூரி அணிக்காக ஆடுவதுடன் பாடங்களிலும் தேர்ச்சி பெற வேண்டும். ஒத்த வயதினர் பன்னாட்டுப் போட்டிகளில் தரவரிசைப் புள்ளிகளைச் சேர்க்கும் பருவம் அது. ஆகவே, கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது எளிய முடிவன்று.

2006ஆம் ஆண்டு, கல்லூரிகளுக்கு இடையிலான தேசியப் போட்டியின் ஒற்றையர் இறுதி ஆட்டத்தில் சோம்தேவ் தோற்றார். மறு ஆண்டும் இறுதிக்கு வந்தார். எதிரே நின்றவர் ஜார்ஜியா பல்கலைக்கழக மாணவர் ஜான் இஸ்னர். ஆறடி பத்து அங்குல உயரமும் இடிபோன்ற சர்வீசும் உடையவர். ஆட்டம் நடந்ததோ இஸ்னரின் சொந்தக் களத்தில். மூன்றாம் செட்டின் டைபிரேக்கர் வரை நீண்ட அந்தப் போரில் சோம்தேவ் வென்றார். 2008ஆம் ஆண்டிலும் பட்டத்தைத் தக்கவைத்தார். அவ்வாண்டு கல்லூரி ஆட்டங்களில் 44 வெற்றிகளும் ஒரே ஒரு தோல்வியும் கண்டார். பட்டப்படிப்பை முடித்த பின்னரே தொழில்முறைக் களம் புகுந்தார்.

2009 ஜனவரியில் சென்னை ஓப்பன் போட்டி நுங்கம்பாக்கத்தில் நடைபெற்றது. தரவரிசையில் இருநூறுக்கும் கீழே இருந்த சோம்தேவுக்குச் சிறப்பு அனுமதி கிடைத்தது. உலகின் முதலிடத்தில் இருந்தவரும் அப்போட்டியை இருமுறை வென்றவருமான கார்லோஸ் மோயாவை அவர் வீழ்த்தினார். இறுதியில் மாரின் சிலிச்சிடம் தோற்றாலும், தாம் வளர்ந்த நகரத்தின் பாராட்டைப் பெற்றார்.

2010ஆம் ஆண்டு அவருக்குப் பொற்காலம். தில்லி காமன்வெல்த் விளையாட்டில் ஒற்றையர் தங்கம் வென்றார். அடுத்த மாதமே குவாங்சோ ஆசிய விளையாட்டில் ஒற்றையரிலும், சனம் சிங்குடன் இணைந்து இரட்டையரிலும் தங்கம் பெற்றார். 2011 ஜூலையில் உலகத் தரவரிசையில் 62ஆம் இடத்தை அடைந்தார்.

அதன்பின் தோள்பட்டைக் காயம் அவரைப் பல மாதங்கள் முடக்கியது. தரவரிசை சரிந்தது. மீண்டும் சிறிய போட்டிகளிலிருந்து தொடங்கி, முதல் நூறு இடங்களுக்குள் திரும்பினார். 2017 புத்தாண்டு நாளில் ஓய்வை அறிவித்தார். அர்ஜுனா விருதும் பத்மஸ்ரீ விருதும் அவரை அணி செய்கின்றன.

62ஆம் இடத்திற்கு மேல் அவர் உயரவில்லை. உலகின் நான்கு பெரும் போட்டிகளில் எதிலும் பட்டம் வெல்லவில்லை. எனினும், கல்லூரியில் கழிந்த ஆண்டுகளை வீண் என்று கூறவியலாது. தோற்ற இறுதி ஆட்டத்திற்கு மறு ஆண்டே திரும்பி வந்து வெல்லும் உறுதியை அவர் வெளிப்படுத்தியது அக்களத்தில்தான். காயத்திலிருந்து மீண்டெழுந்தபோது தேவைப்பட்டதும் அதே உறுதியே. விளையாட்டு வாழ்வு குறுகியது. கற்ற கல்வியோ காயத்தால் குறைவதில்லை.

சொற்பொருள்

பன்னாட்டு – பல நாடுகளுக்கு உரிய
தக்கவைத்தல் – இழக்காமல் காத்தல்
அணி செய்தல் – அழகு சேர்த்தல்

பயிற்சி

1. கோடிட்ட இடத்தை நிரப்புக: சோம்தேவ் பல்கலைக்கழகத்தில் பயின்ற பாடம் ______.
2. பிரித்து எழுதுக: பொற்காலம், மீண்டெழுந்து.
3. கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது எளிய முடிவன்று எனப்படுவது ஏன்?
4. 2007ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் சோம்தேவுக்கு இருந்த இடர்கள் யாவை?
5. போவன்பள்ளியில் நீ அறிந்த விளையாட்டு வீரர் ஒருவர் படிப்பையும் பயிற்சியையும் எவ்வாறு இணைக்கிறார் எனக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.