ஏழு பேரும் ஒரு சிற்றாறும்

அன்புள்ள மகளுக்கு,

"தொகுதி என்றால் வரைபடத்தில் போட்ட கோடுதானே பெரியப்பா? அதை அழித்து வேறு கோடு போட்டால் யாருக்கு என்ன நட்டம்?" என்று நேற்றுக் கேட்டாய். தொலைபேசியில் சிரித்துச் சமாளித்துவிட்டேன். பிறகு யோசித்தபோது, இது சிரித்து ஒதுக்கும் கேள்வி இல்லை என்று பட்டது. அதனால் இல்லாமல் போன ஒரு தொகுதியின் கதையை எழுதுகிறேன்.

அதன் பெயர் லிட்டில் போ. கனடாவின் அல்பெர்ட்டா மாகாணச் சட்டமன்றத்துக்கு 1913 முதல் 2019 வரை உறுப்பினரை அனுப்பிய கிராமத் தொகுதி. கல்கரிக்கும் லெத்பிரிட்ஜுக்கும் நடுவே, ஓல்ட்மேன் ஆற்றில் போய்ச் சேரும் ஒரு சிற்றாற்றின் பெயரை அதற்கு வைத்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயல். வல்கன், கார்மங்கே, சாம்பியன் என்று ரயில் பாதையோடு முளைத்த சிற்றூர்கள். வல்கன் என்பது ரோமரின் நெருப்புக் கடவுள். ஆனால் 'ஸ்டார் ட்ரெக்' தொடரிலும் அதே பெயரில் ஒரு கிரகம் வருவதால், ஊர்க்காரர்கள் சாலையோரம் ஒரு விண்கலத்தையே செய்து நிறுத்திவிட்டார்கள். பிழைக்கத் தெரிந்தவர்கள்!

106 ஆண்டுகளில் இந்தத் தொகுதிக்கு வாய்த்த உறுப்பினர்கள் மொத்தம் ஏழே பேர். கட்சிகள் வந்தன, போயின. ஆள் மட்டும் லேசில் மாறவில்லை.

முதலில் லிபரல் கட்சிக்காரர். 1921இல் விவசாயிகளின் அலை அடித்தது. 'அல்பெர்ட்டா ஐக்கிய விவசாயிகள்' என்ற அமைப்பு, யார் முதல்வர் என்றுகூடத் தீர்மானிக்காமல் தேர்தலில் நின்று ஆட்சியைப் பிடித்தது. லிட்டில் போவில் அவர்கள் சார்பில் வென்ற ஓரன் மெக்ஃபர்சன் சபாநாயகராகவும் பிறகு அமைச்சராகவும் இருந்தார்.

அடுத்து வந்தது 1930களின் வறட்சி. மழை பொய்த்தது, கோதுமை விலை சரிந்தது, காற்று மேல்மண்ணை வாரிக்கொண்டு போனது. மண்ணைப் புரட்டாமல் களையின் வேரை மட்டும் அடியில் அறுக்கும் கலப்பையை நோபிள்ஃபோர்ட்டுக்காரரான சார்ல்ஸ் நோபிள் செய்தது அந்தக் காலத்தில்தான். கடனில் மூழ்கிக் கிடந்த விவசாயிகளிடம், பள்ளித் தலைமையாசிரியரும் வானொலிப் பிரசங்கியுமான வில்லியம் ஏபர்ஹார்ட், வயது வந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 25 டாலர் என்று சொன்னார். 1935இல் அவருடைய சோஷியல் கிரெடிட் கட்சி 63 இடங்களில் 56ஐ அள்ளியது. ஆட்சியிலிருந்த விவசாயிகளுக்கு ஓர் இடம்கூட மிஞ்சவில்லை. சொன்ன 25 டாலரும் வந்து சேரவில்லை. ஆனாலும் அந்தக் கட்சி 36 ஆண்டுகள் ஆண்டது. இது எப்படி என்று உன் ஆசிரியரைக் கேட்டுப் பார், நல்ல விவாதம் கிடைக்கும்.

அந்த அலையில் லிட்டில் போவில் வென்றவர் பீட்டர் டாசன் என்ற போதகர். 1937இல் சபாநாயகர் ஆனார். 1963இல் இறக்கும்வரை அந்த நாற்காலியில் இருந்தார். அவர் இடத்துக்கு வந்தவரின் பெயர் ரே ஸ்பீக்கர்! தொகுதியின் முந்தைய இரண்டு உறுப்பினர்கள் சபாநாயகர்கள். பெயரிலேயே 'ஸ்பீக்கர்' உள்ள இவருக்கு அந்த நாற்காலி கிடைக்கவே இல்லை.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆள் ரே ஸ்பீக்கர்தான். சோஷியல் கிரெடிட்டில் அமைச்சராக இருந்தார். 1971இல் கட்சி ஆட்சியை இழந்தது, இவர் தோற்கவில்லை. கட்சி கரைந்துகொண்டே போனது, இவர் கரையவில்லை. 1982இல் சுயேச்சையாக நின்று வென்றார். பிறகு இன்னொருவரோடு சேர்ந்து 'ரெப்ரசென்டேட்டிவ்' என்ற கட்சி தொடங்கி, 1986இல் அதிலும் வென்றார். 1989இல் முற்போக்குப் பழமைவாதக் கட்சிக்குப் போனார். நம் ஊரில் கட்சி தாவினால் வேறு பேர் வைப்பார்கள். அங்கே அவருக்கு 1992 வரை, ஏறத்தாழ 29 ஆண்டுகள், வாக்கு விழுந்துகொண்டே இருந்தது. அவர்கள் வாக்களித்தது சின்னத்துக்கு அல்ல, தெரிந்த முகத்துக்கு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் தாவிய எல்லாருக்கும் அந்தச் சலுகை கிடைக்கவில்லை. 2012இல் வைல்ட்ரோஸ் கட்சியில் வென்றவர் 2014இல் ஆளும் கட்சிப் பக்கம் போனார். 2015இல் தொகுதி மறுபடி வைல்ட்ரோஸுக்கே போயிற்று.

இடையில் ஒன்று சொல்ல மறந்தேன். 1926 முதல் 1955 வரை நடந்த தேர்தல்களில் அல்பெர்ட்டாவின் கிராமத் தொகுதிகளில் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசை போட்டார்கள். இலங்கை ஜனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டைப் பற்றி அப்பாவைக் கேள், கிட்டத்தட்ட அதேபோல. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசி ஆளை நீக்கி, அவருடைய சீட்டுகளில் அடுத்த எண் யாருக்கோ அவருக்குச் சேர்ப்பார்கள். 1956இல் அரசு இதை எடுத்துவிட்டது.

இப்போது உன் கோட்டுக்கு வருகிறேன். கல்கரியும் எட்மன்டனும் வீங்கிக்கொண்டே போயின. 2017இல் எல்லை ஆணையம் கணக்குப் போட்டபோது 87 தொகுதிகள், ஒரு தொகுதிக்குச் சராசரி ஏறத்தாழ 47 ஆயிரம் பேர். இதில் 25 சதவீதம் கூடலாம், குறையலாம்; அதற்கு மேல் விலக்கு மிகச் சில தொகுதிகளுக்குத்தான். ஆளுக்கொரு வாக்கு என்றால் எல்லாம் சரிசமமாக இருக்க வேண்டாமா என்பாய். 1991இல் சஸ்காச்சுவான் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம், தலைக்கணக்கு முக்கியம், ஆனால் மக்களுக்குப் பயனுள்ள பிரதிநிதித்துவம் கிடைக்கிறதா என்பதே அளவுகோல் என்றது. தூரமும் நிலமும் கணக்கில் வரும். வந்தும் லிட்டில் போ தப்பவில்லை. 2019 தேர்தலோடு பெயர் போயிற்று.

வல்கன் 2019 தேர்தலில் கார்ட்ஸ்டன்–சிக்சிக்கா தொகுதிக்குள் போனது. கார்ட்ஸ்டன் அமெரிக்க எல்லைக்கு அருகிலுள்ள ஊர், வல்கனிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தாலே 130 கிலோமீட்டருக்குக் குறையாது. உறுப்பினரைக் கடைத்தெருவில் மறித்துக் கால்வாய்த் தண்ணீர் பற்றிக் கேட்பதற்கு அது பெரிய தூரம். நட்டம் என்று நான் சொல்வது இதைத்தான். கல்கரிக்காரனாகிய எனக்கு இந்தப் புதுக் கோடு நியாயம். என் வாக்கின் எடை கொஞ்சம் கூடியிருக்கிறது, மறைப்பானேன்.

புதிய பெயரில் பின்பாதியைக் கவனித்தாயா? சிக்சிக்கா என்பது பூர்வகுடி மக்களின் பெயர். 1877இல் பூர்வகுடியினருக்கும் பிரித்தானிய முடிக்கும் இடையிலான 7ஆம் ஒப்பந்தம் கையெழுத்தானது அவர்கள் மண்ணில்தான். 1913இல் லிட்டில் போ தொடங்கியபோது பெண்களுக்கு வாக்கு இல்லை, அது 1916இல் வந்தது. ஒப்பந்தத்துக்கு உட்பட்ட பூர்வகுடியினர் அல்பெர்ட்டாவின் மாகாணத் தேர்தலில் வாக்களிக்க 1965 வரை காத்திருந்தார்கள். ரே ஸ்பீக்கர் முதல்முறை வென்ற 1963ஆம் ஆண்டுத் தேர்தலில்கூட அவர்கள் கையில் சீட்டு இல்லை.

அன்புடன்,
பெரியப்பா