சிக்னலில் உதறும் ஸ்கூட்டர்: கோளாறு கிளட்சில்தானா?

கேள்வி: என்னுடையது 110 சிசி, கியர் இல்லாத ஸ்கூட்டர். வாங்கி ஆறு வருடம் ஆகிறது, 38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சில மாதங்களாக, சிக்னலில் நின்று கிளம்பும்போது வண்டி தடதடவென்று உதறுகிறது. கொஞ்சம் வேகம் பிடித்ததும் உதறல் நின்றுவிடுகிறது. மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மேம்பாலம் ஏறினால் இன்ஜின் கத்துகிறதே தவிர, வேகம் ஏற மறுக்கிறது. மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "கிளட்ச் போயிடுச்சு சார், பெல்ட், வேரியேட்டர் எல்லாத்தையும் செட்டா மாத்திடலாம்" என்கிறார். அவ்வளவும் மாற்றத்தான் வேண்டுமா? கோளாறு எங்கே என்று நானே தெரிந்துகொள்ள வழி உண்டா?
— வாசகர், வேளச்சேரி, சென்னை

பதில்: உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. உதறல் எப்போது வருகிறது, எப்போது மறைகிறது, இன்ஜின் கத்துவது எந்த நிலையில் என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறீர்கள். கியர் இல்லாத வண்டியில் இதைவிட நல்ல தடயம் கிடையாது. இன்ஜின் சத்தமும் ஸ்பீடோமீட்டர் முள்ளும் சேர்ந்து ஏற வேண்டியவை. அவை எந்த வேகத்தில் பிரிகின்றன என்று கவனித்தால், இடது பக்கக் கவரைக் கழற்றுவதற்கு முன்பே சந்தேகத்தை ஒன்றிரண்டு பாகங்களுக்குள் அடக்கிவிடலாம். "கிளட்ச் போயிடுச்சு" என்ற ஒரே தீர்ப்பில் நான்கைந்து கோளாறுகளை அடைத்துவிட்டு, முழு செட்டையும் மாற்றச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்குச் செலவு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பாகம் ஏன் கெட்டது என்று பார்க்காமல் மாற்றினால் புதுப் பாகமும் அதே வழியில்தான் போகும்.

இந்த ஒற்றைத் தீர்ப்பு பழைய வண்டிகளின் பழக்கத்திலிருந்து வந்தது. சேத்தக், லாம்ப்ரெட்டா காலத்தில் இடது கைப்பிடியிலேயே கிளட்ச் லிவரும் கியரும் இருந்தன. வண்டி இழுக்கவில்லை என்றால் கேபிளை அட்ஜஸ்ட் செய்வார்கள், அப்புறம் பிளேட்டை மாற்றுவார்கள்; அதோடு விஷயம் முடிந்தது. 1984-இல் கைனடிக் ஹோண்டா வந்தபோது லிவரும் கேபிளும் போய்விட்டன. இன்று ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் அநேகமாக எல்லாமே அந்த வழியில் வந்தவைதான். இவற்றில் இடது லிவர் பின் பிரேக். கிளட்ச் தானாகவே பிடிக்கும், தானாகவே விடும். கியர் மாற்றும் வேலையும் ஒரு ரப்பர் பெல்ட்டுக்கும் இரண்டு புல்லிகளுக்கும் போய்விட்டது. அதனால் "வண்டி இழுக்கவில்லை" என்ற புகாருக்குப் பொறுப்பாளிகளும் கூடிவிட்டார்கள்.

அவர்கள் யார் யார் என்று பார்த்துவிடுவோம். இன்ஜினின் கிராங்க் முனையில் இருப்பது வேரியேட்டர். அதற்குள் ஆறு ரோலர்கள். இன்ஜின் சுற்று ஏற ஏற ரோலர்கள் வெளிப்பக்கம் வீசப்பட்டு, நகரும் புல்லித் தட்டை நெருக்கித் தள்ளும். நடுவில் சிக்கிய பெல்ட் விளிம்பை நோக்கி ஏறும். பின் புல்லியில் இதற்கு நேர்மாறாக, ஒரு பெரிய ஸ்பிரிங்கை எதிர்த்துத் தட்டுகள் விரிய, பெல்ட் உள்ளே இறங்கும். கிளம்பும்போது இன்ஜின் சுமார் இரண்டரைச் சுற்று சுற்றினால் பின் புல்லி ஒரு சுற்று வரும். நல்ல வேகத்தில் பின் புல்லி இன்ஜினையே கொஞ்சம் முந்திச் சுற்றும். அந்தப் பின் புல்லியோடு ஒட்டியிருப்பதுதான் கிளட்ச். மூன்று ஷூ, அவற்றை உள்ளே இழுத்துப் பிடிக்கச் சின்ன ஸ்பிரிங்குகள். ஐட்லிங்கில் ஷூ சுருங்கியிருக்கும். சுற்று 3,000-ஐ நெருங்கும்போது விரிந்து, சுற்றியுள்ள பெல்லைப் பிடிக்கும். பெல்லிலிருந்து சிறிய கியர் பெட்டி வழியாகச் சக்கரம். இதில் மனதில் வைக்க வேண்டியது ஒன்று: வண்டி 15, 20 கி.மீ. வேகத்தைத் தொடுவதற்குள் ஷூ பெல்லை முழுசாகப் பிடித்து முடித்துவிடும். நல்ல கிளட்ச் அதற்கு மேல் வழுக்காது. அதன் பிறகு நடப்பதெல்லாம் ரோலர், பெல்ட், பின் ஸ்பிரிங் இவற்றின் வேலை.

இப்போது உங்கள் முதல் புகாருக்கு வருவோம். கிளம்பும்போது மட்டும் உதறி, வேகம் பிடித்ததும் நின்றுவிடுகிறது என்றால், கோளாறு ஷூ பெல்லைப் பிடிக்கும் அந்தச் சில விநாடிகளுக்குள்தான் இருக்க வேண்டும். பெல்ட்டோ ரோலரோ காரணமாக இருந்தால் உதறல் 20-க்கு மேலும் தொடரும், அல்லது வேறொரு வேகத்தில் தலைகாட்டும். ஆகவே கிளட்ச் மேல் மெக்கானிக்குக்கு வந்த சந்தேகம் இந்தப் புகாரைப் பொறுத்தவரை நியாயமானது. ஆனால் கிளட்ச் என்பது ஷூ மட்டும் அல்ல. கவரைத் திறந்ததும் லைனிங்கின் மேற்பரப்பைப் பாருங்கள். சொரசொரப்பாக இருக்க வேண்டியது கண்ணாடி மாதிரி பளபளத்தால், சூட்டில் இறுகிவிட்டது என்று பொருள். பிறகு பெல்லின் உட்புறம். நீலம் பாய்ந்திருந்தால் அது மிதமிஞ்சிய சூடு பட்ட அடையாளம். நகத்தை உள்சுவரில் ஓட்டினால் வரிவரியாகத் தட்டுப்படுகிறதா, பெல்லைச் சுழற்றினால் வட்டம் கோணுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பெல் கோணியிருக்கும்போது ஷூவை மட்டும் மாற்றினால் உதறல் சில வாரங்களில் திரும்பும். ஷூவை உப்புத்தாளில் தேய்த்துப் போடுவதும் அப்படித்தான். மேலே பளபளப்பு மட்டும் படிந்திருந்தால் அது போதும், பெல் நீலம் பாய்ந்திருந்தால் போதாது. ஷூ ஏன் இறுகியது என்பதையும் விட்டுவிடக் கூடாது. மேம்பாலச் சரிவில் நெரிசலில் நிற்கும்போது பிரேக்கைப் பிடிக்காமல், ஆக்ஸிலேட்டரை லேசாகத் திருகியே வண்டியைப் பின்னால் உருளாமல் நிறுத்தி வைப்பவர்கள் ஏராளம். அந்த நேரம் முழுவதும் ஷூ பெல்லில் உரசிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பழக்கம் இருந்தால் எந்தக் கம்பெனி ஷூவும் தாங்காது.

இரண்டாவது புகாரில்தான் அவசரத் தீர்ப்பு ஆபத்தானது. மேம்பாலத்தில் பாரத்தோடு ஏறும்போது இன்ஜின் சத்தம் ஏறுவதே கோளாறு ஆகாது. பாரம் கூடும்போது பின் புல்லி தானாக நெருங்கி, விகிதத்தைக் குறைத்துக்கொள்ளும். கியர் வண்டியில் நாம் ஒரு கியர் இறக்குவதற்குச் சமம் அது. அப்போது சத்தம் ஏறும், ஆனால் வண்டி தெம்பாக இழுக்கும். வழுக்கல் அப்படியல்ல. இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. கூட்டமில்லாத நேரத்தில் அதே ஏற்றத்தில், அதே பாரத்தோடு, சத்தம் ஏறியதும் ஆக்ஸிலேட்டரைச் சற்றே தளர்த்துங்கள். சத்தம் சட்டென்று இறங்கி, வேகம் மட்டும் அப்படியே நின்றால் எங்கோ வழுக்குகிறது. சத்தமும் வேகமும் சேர்ந்தே இறங்கினால் வழுக்கல் இல்லை. இன்ஜினின் தெம்பையோ ரோலரின் நிலையையோ பார்க்க வேண்டும். ரோலர் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சிக்கி நின்று, திடீரென்று விடுபட்டது போல வண்டி முன்னே பாயும். பெல்ட் தேய்ந்து அகலம் குறைந்திருந்தால் முன் புல்லியில் முழு உயரத்துக்கு ஏற முடியாது. அதனால் சமதரையில்கூட உச்ச வேகம் முன்பைவிடக் குறைந்திருக்கும்.

வழுக்குகிறது என்று உறுதியானால், வழுக்குவது ஷூவா பெல்ட்டா? ஷூ என்றால் பிரேக் லைனிங் தீய்கிற வாடை வரும். நெரிசலில் நின்று நின்று ஓட்டிச் சூடேறிய பிறகு தொல்லை கூடும். பெல்ட் என்றால் ரப்பர் வாடை. மழையில் நனைந்த பிறகு, அல்லது புல்லியில் எண்ணெய்ப் பசை பட்ட பிறகு கூடும். கவரைத் திறந்தால் பின்பக்கத் தூசியும் சாட்சி சொல்லும்: பெல்ட் உதிர்த்த தூசி கறுப்பாக இருக்கும், ஷூ உதிர்த்தது சாம்பலோ பழுப்போ கலந்திருக்கும். பெல்ட்டின் பற்களுக்கு இடையே வளைத்துப் பார்த்தால் வெடிப்புகள் தெரியும். அகலத்தை வெர்னியரில் அளந்து, வண்டிக் கையேட்டில் உள்ள எல்லையோடு ஒப்பிட வேண்டும். கண்ணால் பார்த்து "பெல்ட் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வது அளவு ஆகாது. பின்பக்கப் பெரிய ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் பெல்ட்டின் மேல் பிடி குறைந்து வழுக்கும். புதுப் பெல்ட் போட்டும் வழுக்கல் நிற்கவில்லை என்றால் பெரும்பாலும் அங்கேதான் பார்க்க வேண்டியிருக்கும்.

கவரைத் திறக்கும் முன் செலவில்லாத ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு, பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். பின் பிரேக்கை இறுக்கமாக வைத்துக்கொண்டு, பிக்அப் இல்லை, மைலேஜ் இல்லை என்று கிளட்ச்சைக் குறை சொல்வது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது. டயரில் காற்று குறைந்திருந்தாலும் அதே கதைதான்.

"கவரைத் திறந்தாலே லேபர் உண்டு. எப்படியும் திறக்கப் போகிறோம், எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் இரண்டு மூன்று வருடம் கவலையில்லையே" என்பது இதற்குச் சொல்லப்படும் முக்கியமான மறுப்பு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 38,000 கி.மீ. வரை உங்கள் பெல்ட் ஒரு முறையும் மாற்றப்படவில்லை என்றால், அளவு எதுவாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஓடும்போது அறுந்தால் நடுரோட்டில் நிற்க வேண்டிவரும், துண்டுகள் உள்ளே சிக்கி மற்றதையும் கெடுக்கும். ரோலர்கள் விலை குறைந்தவை, பெல்ட்டோடு சேர்த்து மாற்றுவதில் தவறில்லை. ஆனால் வேரியேட்டர் முழுவதையும், பின் புல்லியையும், கிளட்ச் அசெம்ப்ளியையும் பார்க்காமலே மாற்றுவது வேறு விஷயம். கிராங்க் சீலிலிருந்தோ கியர் பெட்டி சீலிலிருந்தோ எண்ணெய் கசிந்து ஷூவில் பட்டதால்தான் வழுக்கியது என்றால், செட் மாற்றியவருக்கு அந்தச் சின்ன சீல் கண்ணிலேயே படாது. புது ஷூவும் எண்ணெயில் ஊறும். உங்கள் பில் பல மடங்கு ஏறியிருக்கும், மூலக் கோளாறு அப்படியே இருக்கும்.

இன்னொரு மறுப்பு, இப்போதுதான் கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கிறார்களே, காது வைத்துக் கேட்பது எதற்கு என்பது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 வண்டிகளில் ஸ்கேனர் போட்டு இன்ஜின் சென்சார்களைப் படிக்கலாம், உண்மைதான். ஆனால் ஷூ இறுகியதையோ பெல்ட் இளைத்ததையோ நேரடியாக அளக்கிற சென்சார் இந்த வகை வண்டிகளில் கிடையாது. எரர் கோடு இல்லை என்பது இந்தப் பகுதி நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. அதேபோல, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி முழு ஆக்ஸிலேட்டரைத் திருகி, "பாருங்க சார், சக்கரம் நல்லா சுத்துது" என்று காட்டுவதும் சான்று ஆகாது. சக்கரத்தில் பாரமே இல்லாதபோது தேய்ந்த ஷூவும் பிடிக்கும், இளைத்த பெல்ட்டும் இழுக்கும். இரண்டு பேர் ஏறி, ஏற்றத்தில் ஓட்டிப் பார்ப்பதே சோதனை. மெக்கானிக்கைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அந்த மேம்பாலத்துக்கே போய் வாருங்கள்.

நீங்கள் வேளச்சேரிக்காரர் என்பதால் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்திலோ அதற்குப் பிந்தைய மழையிலோ வண்டி பின் சக்கர அச்சு மூழ்கும் அளவு தண்ணீரில் நின்றதா? நின்றிருந்தால் பெல்ட் கவருக்குள்ளும் கியர் பெட்டிக்குள்ளும் தண்ணீர் போயிருக்கலாம். பெல்ட் காய்ந்துவிடும், கியர் பெட்டி தானாகச் சரியாகாது. அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றி எண்ணெயை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தால் போதும். பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. பெரும்பாலான 110 சிசி வண்டிகளுக்கு அதில் சுமார் 120 மி.லி. எண்ணெய்தான் தேவை. அந்த எண்ணெயை மாற்றாமல் விட்டு, பேரிங்கும் கியரும் போன பிறகு வரும் செலவு கிளட்ச் செலவையே தாண்டிவிடும். ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டு உருளும்போதும் சக்கர வேகத்துக்குத் தக்கபடி ஒரு ஊளைச் சத்தம் தொடர்ந்தால் சந்தேகம் அந்தப் பெட்டி மேல்தான்.

உங்கள் விஷயத்தில் என் ஊகம்: ஷூவும் பெல்லும் முதல் புகாருக்குக் காரணம், இரண்டாவதற்குப் பெல்ட் அல்லது அதே ஷூ. கவரைத் திறக்கும்போது உடனிருந்து பாருங்கள், ஆனால் நீங்களே கழற்ற வேண்டாம். பின் கிளட்ச்சின் நட்டுக்குப் பின்னால் அந்தப் பெரிய ஸ்பிரிங் அழுந்தி நிற்கிறது. உரிய கருவியால் பிடிக்காமல் நட்டை எடுத்தால் முகத்துக்கு நேரே பாயும். உள்ளிருக்கும் தூசியைக் காற்று பிடித்து ஊதவும் விடாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் கலந்திருக்க வாய்ப்பு உண்டு, ஈரத் துணியால் துடைப்பதே பாதுகாப்பு. பெல்ட் மாட்டும்போது அதில் அம்புக்குறி இருந்தால் சுற்றும் திசைக்கு இருக்கிறதா என்று பாருங்கள், புல்லித் தட்டுகளில் கிரீஸ் பட்டிருந்தால் துடைக்கச் சொல்லுங்கள். கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புது ஷூ பெல்லோடு படிந்து பழகும் வரை முதல் சில நாட்கள் லேசான உதறல் இருக்கலாம். இரண்டு மூன்று வாரம் கழித்தும் அது குறையவில்லை என்றால் வண்டியைத் திரும்பக் கொண்டுபோய், பெல்லின் வட்டத்தை உங்கள் கண்முன் சுழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.