குளிர்க் கருவியும் குருந்தக்கல்லும்

கோடம்பாக்கம் என்றவுடன் திரைப்படமே நினைவிற்கு வரும். அங்கிருந்த படப்பிடிப்பு நிலையங்கள் பல மறைந்துவிட்டன. எனினும் படம் எடுக்கும் தொழில் அவ்வட்டாரத்தை விட்டு அகலவில்லை எனலாம். அதனை ஒட்டிய வடபழனியின் மருத்துவமனைகளில், காந்தத்தின் துணையால் உடலின் உட்புறத்தையே படம் எடுக்கும் கருவிகள் இயங்குகின்றன.

அக்காந்தம் நயோபியமும் டைட்டானியமும் கலந்த கம்பிச் சுருளால் ஆனது. சுழியத்திற்குக் கீழ் 269 பாகை செல்சியசு, அதாவது ஏறத்தாழ 4 கெல்வின் குளிரில் அக்கம்பிக்கு மின்தடை சிறிதும் இராது. இத்தன்மையை மீக்கடத்தல் என்பர். 1911-ஆம் ஆண்டில் இதனைப் பாதரசத்தில் முதன்முதல் கண்டவர் ஆலந்து நாட்டு அறிஞர் காமர்லிங் ஓன்ஸ். சுருளில் ஒரு சிறு பகுதி சூடேறினாலும் இத்தன்மை கெடும்; காந்தத்தில் தேங்கிய ஆற்றல் வெப்பமாக மாறும்; விலையுயர்ந்த திரவ ஹீலியம் கொதித்து வெளியேறும்.

காந்தங்களுள் சில, திரவத்தில் மூழ்காமல் குளிர்விக்கும் பொறியோடு பிணைக்கப்பட்டே குளிர்கின்றன. அவற்றிற்கு வெளியிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் கம்பிகள், உடன் வெப்பத்தையும் கொண்டுவருகின்றன. அவ்வெப்பத்தைப் பொறியின் குளிர்முனைக்கு வடித்துவிடல் வேண்டும். ஆனால் மின்சாரம் அவ்வழியே கசிதல் கூடாது. வெப்பத்திற்குக் கதவு திறந்து, மின்சாரத்திற்குக் கதவு அடைக்கும் பொருள் யாது?

செம்பு உதவாது. உலோகங்களில் வெப்பத்தையும் மின்சாரத்தையும் சுமப்பவை பெரும்பாலும் ஒரே எலெக்ட்ரான்களே. ஒன்றை நன்கு கடத்தும் உலோகம் மற்றதையும் நன்கு கடத்தும் என்பதை 1853-இல் வீடெமன், பிரான்சு என்னும் செருமானிய அறிஞர் இருவர் காட்டினர். இரப்பரோ இரண்டையும் தடுத்துவிடும்.

இங்கே குருந்தக்கல் கைகொடுக்கிறது. ஆங்கிலேயர் இக்கல்லுக்கு வழங்கும் பெயர் தமிழ்ச் சொல்லிலிருந்தே பிறந்தது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கும் குருந்தமும், இலங்கையின் இரத்தினபுரியில் கிடைக்கும் நீலக்கல்லும் ஓரினமே. இரண்டும் அலுமினிய ஆக்சைடு. ஒழுங்காக அடுக்கப்பட்ட இப்படிகத்தில் எலெக்ட்ரான்கள் ஓடுவதில்லை. அணுக்களின் அதிர்வலையே வெப்பத்தைச் சுமக்கும். அறை வெப்பநிலையில் இதன் வெப்பக் கடத்துதிறன் செம்பினதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. குளிரக் குளிர அலைகள் ஒன்றோடொன்று மோதுவது குறைகிறது. 30 கெல்வினை அணுகும்போது, தூய குருந்தப் படிகம் செம்பையும் விஞ்சிவிடுகிறது!

படிகம் ஒற்றைப் படிகமாக இருத்தல் வேண்டும். அதே ஆக்சைடைப் பொடியாக்கிச் சுட்டெடுத்த பீங்கானில், துகள்களின் எல்லைகள் அலைகளைச் சிதறடிக்கும். மேலும், 4 கெல்வினை நெருங்கினால் படிகத்தின் திறனும் விரைந்து சரியும். வெப்பநிலை பாதியானால் திறன் எட்டில் ஒரு பங்காகும். ஆகவே அட்டவணையில் உள்ள பேரெண்ணை மட்டும் கண்டு பொருளைத் தேர்பவர் ஏமாறுவர். எந்தக் குளிரில் அவ்வெண் பெறப்பட்டது என்பதே முதலில் கேட்கத்தக்கது. பெரிலியம் ஆக்சைடும் ஏற்ற பொருளே. ஆயின் அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. அலுமினிய நைட்ரைடில் அக்கேடு இல்லை.

பொருள் நல்லதாயினும் பொருத்து நல்லதாக அமைய வேண்டும். மேடுபள்ளமான இரு முகங்கள் சில புள்ளிகளில் மட்டுமே தொடும். வெற்றிடத்தில் இடையே வெப்பத்தைக் கடத்தக் காற்றும் இல்லை. அதனால் குளிரிலும் மென்மை குன்றாத இண்டியம் என்னும் உலோகத்தின் மெல்லிய தகட்டைக் கல்லின் இருபுறமும் வைத்து இறுக அழுத்துவர்.