கயிறு மாறும் வரை

கொட்டாஞ்சேனைப் புக்கிகளின் வாசலில் பின்னேரங்களில் நிற்பவர்களுக்கு நியூமார்க்கெட்டும் அஸ்கொட்டும் ஜம்பட்டா வீதியை விடப் பழக்கமான ஊர்கள். குதிரையைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் அதன் தகப்பன் யார், தாயின் தகப்பன் யார் என்று கேட்டால் பதில் நாக்கு நுனியில் நிற்கும். அப்படிப்பட்ட ஒருவர், எனக்கு மாமா முறை, போன மாதம் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். இங்கிலாந்தில் இருக்கும் அவருடைய மருமகன் நாலு நண்பர்களோடு சேர்ந்து ஒரு தாய்க்குதிரை வாங்கப் போகிறானாம். குட்டி போட்டதும் ஏலத்தில் விடுவார்களாம். “நீயும் ஒரு பங்கு போடு தம்பி. குதிரையிலை காசு கட்டினால்தான் சூது. குட்டியை வித்தால் அது வியாபாரம்.”

இந்தப் பத்தி அந்தக் கடைசி வசனத்துக்காக.

நம்பிக்கை: நல்ல வம்சத்துக் குட்டி என்றால் மில்லியன் கணக்கில் விலை போகும்.

மாமா சான்றாக எடுத்துவைத்தது ‘த கிரீன் மங்கி’யை. 2006ஆம் ஆண்டு புளோரிடாவில் நடந்த இரண்டு வயதுக் குதிரைகளின் ஏலத்தில் 16 மில்லியன் டொலருக்குப் போனது. உண்மைதான். ஆனால் அந்தக் காசு யாருடைய கைக்குப் போனது? அதற்கு முந்திய ஆண்டு, ஒரு வயதுக் குட்டியாக, அதே குதிரை 425,000 டொலருக்கு விற்கப்பட்டிருந்தது. வாங்கியவர்கள் அதை ஓடப் பழக்கி, ஒரு பர்லோங்கைப் பத்து செக்கனுக்குள் ஓடிக் காட்டவைத்து, மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் இப்படி வாங்கி விற்பதே தொழிலாகக் கொண்டவர்கள் ஏராளம். நாளேட்டில் வரும் பெரிய விலைகளில் கணிசமானவை இடையில் நிற்கும் இவர்களுடையவை, தாயை வைத்துப் பராமரித்துக் குட்டி எடுத்தவருடையவை அல்ல. வாங்கியவர்களுக்கு என்ன மிஞ்சியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்: மூன்று பந்தயம், வெற்றி ஒன்றுமில்லை, பரிசுக் காசு 10,440 டொலர்.

இதன் மறுபக்கம்தான் சின்ன வளர்ப்பாளரின் வயிற்றைக் கலக்கும். ஜோன் ஹென்றி என்ற குட்டி 1976 ஜனவரியில் கென்டக்கியின் கீன்லாண்ட் ஏலத்தில் 1,100 டொலருக்குப் போனது. பிறகு அது ஓடிச் சம்பாதித்தது ஆறரை மில்லியனுக்கு மேல். சியாட்டில் ஸ்லூ 17,500 டொலருக்குப் போய், 1977இல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்றது. ஏல மேடையில் நிற்கும் குட்டியை வைத்து யாராலும் ஓட்டத்தைக் கணிக்க முடியாது. அங்கே விலை போவது வம்சமும் நடையும் அந்த வருட நாகரிகமும்.

நம்பிக்கை: தாயை வாங்கினால் அடுத்த வருடமே காசு.

கணக்குப் பார்ப்போம். பந்தயக் குதிரை இனத்தில் செயற்கைச் சினைப்படுத்தலுக்கு அனுமதியில்லை. தாயைப் பொலிகுதிரை நிற்கும் பண்ணைக்கே ஏற்றிக்கொண்டு போக வேண்டும். சினைக்காலம் பதினொரு மாதம். இவ்வருட வசந்தத்தில் சேர்த்தால் அடுத்த வசந்தத்தில் குட்டி, அதற்கடுத்த வருட இலையுதிர்காலத்தில் ஏலம். ஏறக்குறைய இரண்டரை வருடம் தீனி, லாடம், மிருக வைத்தியர், பண்ணை வாடகை எல்லாம் கையிலிருந்துதான் போகும். ஒரு வருடம் தாய் சினை பிடிக்காமல் விட்டாலும் அது தின்பதை நிறுத்தப் போவதில்லை.

இரண்டரை வருடத்தில் உலகமும் சும்மா இருக்காது. புதிதாகப் பண்ணைக்கு வந்த பொலிகுதிரைக்கு முதல் வருடம் எல்லோரும் முண்டியடிப்பார்கள். அதன் முதல் குட்டிகள் ஏலத்துக்கு வரும்போது அதன் பிள்ளை ஒன்றுகூட இன்னும் ஓடியிருக்காது. ஆகவே நல்ல விலை கிடைக்கும். அந்தக் குட்டிகள் ஓடத் தொடங்கிச் சோபிக்காமல் போனால், இரண்டாம் மூன்றாம் வருடம் தாயைச் சேர்த்தவர் தொலைந்தார். கட்டணம் கொஞ்சம் குறையட்டும் என்று காத்திருந்து அந்த வருடங்களில் சேர்ப்பவர் பெரும்பாலும் சின்ன வளர்ப்பாளர்தான்.

2008 செப்டெம்பர் 15இல் லேமன் பிரதர்ஸ் வீழ்ந்தபோது கீன்லாண்டில் வருடாந்தக் குட்டி ஏலம் நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கு மேடையேறிய குட்டிகளின் தாய்மார் சினையானது, காசு தண்ணீராய் ஓடிய 2006இல். அயர்லாந்தில் அப்போது வருடத்துக்கு 12,000க்கு மேல் குட்டிகள் பிறந்தன. சில வருடங்களுக்குள் அது 8,000க்கும் கீழே இறங்கியது. கோழிப்பண்ணைக்காரன் சந்தை விழுந்தால் அடுத்த தொகுதிக் குஞ்சை இறக்காமல் விடலாம். பதினொரு மாதம் சுமக்கிற வயிற்றை என்ன செய்வது?

நம்பிக்கை: குட்டி வடிவாக இருந்தால் போதும், மிச்சத்தை ஏலக்காரர் பார்த்துக்கொள்வார்.

ஏலத்துக்கு முந்திய நாட்களைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். குட்டியை வெளியே கொண்டுவா, நட, திருப்பு, மறுபடி நட. ஒரே குட்டியை நாளுக்கு நாற்பது ஐம்பது தடவை நடத்திக் காட்டவேண்டி வரும். வாங்க வந்தவர் எதிரே குந்தியிருந்து முன்னங்கால்கள் உள்ளே வளைகிறதா, வெளியே வீசுகிறதா என்று பார்ப்பார். பிறகு மிருக வைத்தியர் வருவார். மேலுதட்டைக் கயிற்றால் முறுக்கிப் பிடிக்க, விளக்குள்ள மெல்லிய குழாய் ஒன்று மூக்குத் துவாரத்தால் தொண்டைவரை போகும். குரல்வளையின் இரண்டு மடலும் சமமாகத் திறக்க வேண்டும். இடதுபக்க நரம்பு நெஞ்சுவரை இறங்கித் திரும்பி ஏறும் நீண்ட நரம்பு என்பதால் பழுது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் வரும். இடது மடல் சோம்பினால் ஓடும்போது குதிரை இரையும். குட்டி திமிறித் தலையை உதறும் அந்த அரை நிமிடத்தில் இரண்டரை வருடச் செலவு தொங்கிக்கொண்டிருக்கும்.

அடுத்தது எக்ஸ்ரே. பெரிய ஏலங்களில் மூட்டுகளின் படங்கள் முன்கூட்டியே பார்வைக்கு வைக்கப்படும். கணுக்காலில் பயறளவு எலும்புத் துண்டு ஒன்று தெரிந்தால் கேட்க வந்தவர்கள் கலைந்துவிடுவார்கள். அந்தத் துண்டோடே ஓடி வென்ற குதிரைகள் உண்டு, ஆனால் ஏலநாளில் அதை எடுத்துச் சொன்னால் கேட்க ஆளில்லை. ஐம்பது குட்டி வைத்திருக்கும் பண்ணைக்கு இது ஒரு குட்டியின் சங்கதி. மருமகனிடம் இருக்கப்போவதே ஒன்று.

நம்பிக்கை: விலை படியாவிட்டால் வீட்டுக்குக் கொண்டுவந்தால் போச்சு.

கொழும்பில் 1883இலிருந்து தேயிலை ஏலம் நடக்கிறது. விலை படியாத தேயிலை இன்னொரு வாரம் மீண்டும் விற்பனைக்கு வரலாம், அதுவரை அது சாக்கில் சும்மா கிடக்கும். குட்டி அப்படிக் கிடக்காது. பதிவுக் கட்டணம் திரும்பி வராது. அடிவிலை எட்டாமல் திருப்பி எடுத்தாலும் ஏலக் கொம்பனிகள் பல தங்கள் பங்கை விடுவதில்லை. ‘ஏலத்தில் போகாத குட்டி’ என்ற பெயர் வேறு கூடவே வரும். அடிவிலையைக் கூட்டி வைத்தால் குட்டி திரும்பி வரும், குறைத்து வைத்தால் தீனிச் செலவுக்கும் காணாது. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் எண்ணை ஏலத்துக்கு முன்னர் ஒருவராலும் சொல்ல இயலாது.

நம்பிக்கை: சுத்தியல் விழுந்தால் விற்றவர் பொறுப்பு முடிந்தது.

திருவிளையாடற் புராணத்தில் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்த குதிரை வாணிகனை நினைத்துப் பாருங்கள். பாண்டியனிடம் கயிறு மாறிக் கொடுத்துவிட்டால் அதற்குப் பிறகு வருவது எதுவும் தன் பொறுப்பல்ல என்பது அவன் பேச்சு. இரவில் பரிகள் நரிகளாகிப் பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. அகப்பட்டவர் குதிரை வாங்கப் போன அமைச்சர் திருவாதவூரர். விற்றவனைத் தேடிப் பிடிக்க முடியவில்லை, அவன் சொக்கநாதன்.

நம் நாட்டின் 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படியும் சுத்தியல் விழுந்ததும் ஏல விற்பனை முடிந்துவிடும். ஆனால் குதிரை ஏலக் கொம்பனிகள் தங்கள் நிபந்தனைகளைத் தனியாக எழுதி வைத்திருக்கின்றன. 1766இல் தொடங்கி இன்றும் கினியில் விலை கூறும் இங்கிலாந்தின் ரற்றர்சோல்ஸிலும் அப்படித்தான். மரச்சட்டத்தைப் பல்லால் கவ்விக் காற்றை விழுங்கும் பழக்கம், தொழுவத்தில் ஓயாமல் பக்கத்துக்குப் பக்கம் ஆடும் பழக்கம் போன்றவற்றை விற்பவர் முன்னமே சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால், குறித்த நாட்களுக்குள் குட்டி வாசலுக்குத் திரும்பி வரும். மூச்சில் குறை கண்டாலும் அதுதான் கதி. கயிறு மாறியதோடு கை கழுவும் வசதி சொக்கநாதருக்கு மட்டும்.

நம்பிக்கை: குதிரைக்கு எந்தக் காலத்திலும் ஆள் இருக்கும்.

இதைக் கொழும்பிலிருந்துகொண்டு சொல்வதுதான் பகிடி. கறுவாத்தோட்டத்துப் பந்தயத் திடல் 1893இல் திறந்தது. 1942 ஏப்ரல் 5இல் ஜப்பானிய விமானங்களை எதிர்க்க ஹரிக்கேன்கள் கிளம்பிய இடங்களில் அந்தப் புற்றரையும் ஒன்று. 1956இல் பந்தயம் நின்றது. இன்று அந்தப் பழைய பார்வையாளர் மாடத்தின் கீழ் நாங்கள் கோப்பி குடிக்கிறோம், திடலில் றக்பி ஆடுகிறார்கள். நுவரெலியாவில் ஏப்ரலில் ஓடும் குதிரைகள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்தவை. 2024இல் மட்டும் மக்காவ் ஏப்ரலில் மூடியது, சிங்கப்பூர் ஒக்டோபர் 5இல் கடைசிப் பந்தயத்தை ஓட்டியது, கிண்டித் திடலின் குத்தகையைத் தமிழ்நாடு அரசு செப்டெம்பரில் இரத்துச் செய்தது. ஒவ்வொரு திடல் மூடும்போதும் எங்கோ ஒரு ஏல மண்டபத்தில் கை உயர்த்த வந்திருக்க வேண்டியவர்கள் குறைகிறார்கள்.

“அப்ப நெடுந்தீவுக் குதிரை?” என்றார் மாமா, பாதி விளையாட்டாக. அவை 2015இல் தேசியப் பூங்காவான இடத்தில் நிற்பவை, பிடித்து விற்கிற சரக்கல்ல. அதோடு பந்தயக் குதிரைக்கு 1791இலிருந்து ஒரு வம்சாவளிப் புத்தகம் உண்டு. அதில் பெயர் ஏறாத தாய்க்குப் பிறந்த குட்டி அங்கே மேடை ஏறாது.

அவரிடம் கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. “கலிபோர்னியா குரோம்? எட்டாயிரம் டொலர்த் தாய் போட்ட குட்டிதானே, 2014இலை கென்டக்கி டேர்பி வெண்டது?” அதுவும் உண்மைதான். 8,000 டொலர்த் தாய், பெயர் எடுக்காத பொலிகுதிரை, சொந்தக்காரர் இரண்டு சாதாரண மனிதர்கள். டேர்பிக்கு முன் பாதியைவிடச் சற்றுக் கூடிய பங்கை ஆறு மில்லியனுக்குக் கேட்டும் அவர்கள் கொடுக்கவில்லை.

“அவை அந்தக் குட்டியை ஏலத்திலை விடேல்லை மாமா,” என்றேன்.

கொஞ்ச நேரம் தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப ஓடுற குதிரையிலை கால்பங்கு எண்டால் எவ்வளவு வரும்?” என்று கேட்டபடி கல்குலேற்றரை எடுத்தார்.