தெரிந்து கொள்வோம்: கூகுளில் நட்சத்திரக் குறி



போன மாதம் வில்லியனூர் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்புக் கணக்கு எழுதி முடிக்கும் நேரத்தில் ஒரு உறுப்பினர் போனை நீட்டினார். "மேடம், எனக்கு முத்ரா லோன் மூணு லட்சம் சாங்ஷன் ஆயிடுச்சாம். 2,200 ரூபா கட்டணும்னு லெட்டர் வந்திருக்கு. குழுவுல கடனா எடுத்துக்கவா?" வாட்ஸ்அப்பில் வந்த இங்கிலீஷ் கடிதம் அது. முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. ஆனால் அவர் எந்த வங்கியிலும் விண்ணப்பமே போடவில்லை!

கடிதத்தின் முதல் இரண்டு வரியை அவர் மகள் அப்படியே கூகுளில் அடித்துப் பார்த்தாளாம். அதே மாதிரி கடிதம் எதுவும் வரவில்லை, அதனால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். அம்மா பெயரும் தொகையும் சேர்ந்த கடிதம் வேறு எங்கே கிடைக்கும்?

நம் தீர்மான நோட்டை நினைத்துப் பாருங்கள். "____ அவர்களுக்கு ரூ.____ கடன் வழங்கத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதுகிறோம். ஆளும் தொகையும் மாறும், வாசகம் மாறாது. ஏமாற்றுக் கடிதமும் இப்படித்தான். கூகுளில் அந்தக் கோடிட்ட இடம்தான் நட்சத்திரக் குறி (*). மாறாத வாசகத்தை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு, மாறும் இடத்தில் நட்சத்திரம் வைக்க வேண்டும். தமிழில் வந்த செய்தி என்றால் இப்படி:

"முத்ரா திட்டத்தில் * கடன் அனுமதிக்கப்பட்டுள்ளது"

நட்சத்திரம் இருக்கும் இடத்தில் எந்தச் சொல் இருந்தாலும் கூகுள் தேடும். போனில் எண்கள் இருக்கும் பலகையில் இந்தக் குறி இருக்கும்.

ஒன்றைக் கவனிக்கணும். நட்சத்திரம் முழுச் சொல்லுக்குத்தான், பாதி எழுத்துக்கு இல்லை. "கட*" என்று போட்டால் கடன், கடனுக்கு, கடனாக எல்லாம் வந்துவிடாது. தமிழில் இது பெரிய தொல்லை. மேற்கோளுக்குள் எழுத்துப் பிழையும் இருக்கக் கூடாது. நம்ம ஊர் பெயரையே இங்கிலீஷில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். ஆகவே ஐந்தாறு சொல் உள்ள சின்ன வாசகமே போதும்.

அன்று அங்கேயே உட்கார்ந்து இங்கிலீஷ் வாசகத்தைத் தேடினோம். 2019-ல் மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் தொடங்கிய உண்மை சரிபார்ப்புப் பிரிவு, இப்படிப்பட்ட கடிதங்களைப் பொய் என்று ஏற்கனவே அறிவித்திருந்தது. ஒன்றில் 10 லட்சத்துக்கு 4,500 ரூபாய், இன்னொன்றில் 1 லட்சத்துக்கு 1,750 ரூபாய் கேட்டிருந்தார்கள். முத்ரா நிறுவனம் தனி நபருக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதே இல்லை, வங்கி போன்ற கடன் நிறுவனங்கள் மூலமாகத்தான் வரும்.

தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால் கடிதம் உண்மை என்று ஆகிவிடாது. புதுசாக எழுதிய பொய்யாகவும் இருக்கலாம். பணம் கட்டும் முன் வங்கிக் கிளைக்கு நேரில் போய்க் கேளுங்கள். கட்டிவிட்டிருந்தால் கூட்டம் வரும்வரை காத்திருக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.