வேனிற்பாடியில் உடனுறை காப்பாளர்

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே, பள்ளிகள் கோடை விடுமுறை விட்டபின், சிறுவர் சிறுமியரைப் பெற்றோரினின்றும் சில கிழமை பிரித்துக் காட்டகத்தும் ஏரிக்கரையினும் தங்குவித்து, நீந்துதல், படகு செலுத்துதல், மலையேறுதல், தீமூட்டுதல், கைத்தொழில் முதலியவற்றைப் பயிற்றும் வழக்கம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தார் இதனைச் சம்மர் கேம்ப் என்ப. யாம் வேனிற்பாடி என்று வழங்குவேம். பாடி என்பது படை தங்கும் இடத்துக்கு நம் முன்னோர் இட்ட பெயர். அஃது ஈண்டுப் பொருந்துமாறு பின்னர்க் காட்டுதும். அப்பாடியிலே பிள்ளைகளோடு ஒரு கூரையின்கீழ் உண்டு உறங்கி அவரைப் புரக்குந் தொழில் யாது, அஃது எளிதோ அரிதோ என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படுவது.

இதனை எழுதப் புகுந்தமைக்கு ஓர் ஏது உண்டு. அந்நாட்டிற் பிறந்து வளர்ந்து அங்கேயே கல்லூரியிற் பயிலும் எம் பெயர்த்தி ஒருத்தி, சென்ற வேனிலில் நியூ ஹாம்ஷயர் மாநிலத்து ஏரிக்கரைப் பாடியொன்றில் ஒன்பது கிழமை பணிபுரிந்தாள். 'பிள்ளை பார்க்கும் வேலைக்கோ இத்துணைப் படிப்பு?' என்று இல்லத்தார் முனிந்தனர். யாமும் அவ்வாறே கருதினேம். அவள் விடுத்த கடிதங்கள் எம் கருத்தைச் சிறிது சிறிதாக மாற்றின. இப்பத்திரிகை வாசிப்போருள், உடனுறைந்து கற்குஞ் சிறாரைப் புரக்கும் பாடசாலைகளை நடத்தும் அன்பர்களும் உளர். அவர்கட்கு இது புறப்பொருளன்று.

வேனிற்பாடியின் தோற்றம் போரோடு இயைபுடையது. 1861ஆம் ஆண்டு அந்நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. கனெக்டிகட் மாநிலத்து வாஷிங்டன் என்னுஞ் சிற்றூரிலே (தலைநகராகிய வாஷிங்டன் வேறு) பிரடெரிக் வில்லியம் கன் என்பவர் ஒரு பள்ளி நடத்திவந்தார். அவர்பாற் பயின்ற சிறுவர், தாமும் போர்வீரரைப்போலக் கூடாரத்தில் உறங்கல் வேண்டுமென்று அவாவினர். அவர் அவர்களை அழைத்துக்கொண்டு ஏறத்தாழ 40 மைல் கடந்து கடற்கரை சேர்ந்து, இரண்டு கிழமை பாடி இறங்கியிருந்தார். இதனையே முதற் பாடி என்பர் பலர். பாடி என்ற சொல் பொருந்தியவாறு இதுவேயாம்.

கன் செய்தது பள்ளியின் ஒரு கூறு. பாடியைத் தனியே அமைத்தவர் எர்னஸ்ட் பால்ச் என்பவர். டார்ட்மத் கல்லூரி மாணவராயிருந்த இவர், செல்வர் மக்கள் கோடைக்காலத்திற் பெற்றோரோடு விடுதிகளில் வாளாவிருந்து கெடுவதைக் கண்டு, 1881இல் நியூ ஹாம்ஷயர் ஸ்குவாம் ஏரியின் தீவொன்றிற் சகோருவா என்னும் பாடியை நிறுவினார். அஃது 1889 வரை நடந்தது. அங்கே ஏவலாளர் ஒருவரும் இலர். சமைத்தலும், பாண்டங் கழுவுதலும், துணி துவைத்தலும் சிறுவர் செயலே. உடனிருந்த மூத்தோரும் அவ்வேலைகளிற் கைகலந்தனர். பாடி வாழ்க்கையிலே உடனுறைவோர் ஏவலாளருமல்லர், ஏவுவோருமல்லர் என்பது இத்தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது. எம் இல்லத்தார் முனிவுக்கு விடை ஈண்டே உளது. அதனை யாம் அறிந்தது பின்னரே.

இப்பணியாளரை அந்நாட்டார் கவுன்சிலர் என்பர். நகரசபைக் கவுன்சிலர் என்று மயங்கற்க. அறிவுரை கூறுவோர் என்பதே இங்குச் சொற்பொருள். அகப்பொருள் நூல்களில் வருஞ் செவிலியின் தொழிலே இவர் தொழிலுக்கு மிக அணித்து. பெற்றவள் நற்றாய், வளர்ப்பவள் செவிலி, தலைவி பிரிந்தவழிக் கலங்கித் தேடிச் செல்பவளும் செவிலியே. ஆயினும் செவிலியர் என்பது இக்காலத்து மருத்துவமனைப் பணியாளரைக் குறித்துநிற்றலானும், பாடியில் அவரும் தனியே இருத்தலானும், யாம் காப்பாளர் என்றே எழுதுவேம்.

காப்பாளர் பெரும்பாலும் பதினெட்டு முதல் இருபத்திரண்டு வயதினர். தாமே நேற்றுவரை பிள்ளைகளாயிருந்தோர். வேற்று நாட்டாரும் ஜே-1 என்னும் நுழைவுரிமை பெற்று இப்பணிக்கு வருவர்; அவர்க்கு வயது பதினெட்டு நிரம்பியிருத்தல் வேண்டும், காலம் நான்கு மாதத்தின் மிகாது, அவரைச் சமையற்காரராகவோ பாண்டங் கழுவுவோராகவோ வைத்தல் கூடாது. ஊதியமோ சிறிது. ஆண்டில் ஏழு மாதத்தின் மேற்படாது நடக்கும் இத்தகைய நிறுவனங்கட்குக் குறைந்த கூலி விதியினின்று விலக்கு அந்நாட்டுத் தொழிற்சட்டத்திலேயே உளது. இஃது எமக்கு உடன்பாடன்று. இரவும் பகலும் பிறர் மக்களைக் காப்போர்க்குக் கூலி குறைக்க ஒரு சட்டம் வேண்டுமோ என்க.

ஒருவர் எத்துணைப் பிள்ளைகளைக் காத்தல் கூடும்? 1910இல் பாடித் தலைவர்கள் கூட்டிய சங்கத்தின் வழிவந்த அமெரிக்கப் பாடிச் சங்கம் அதற்கோர் அளவு வகுத்துளது. உடனுறையும் பாடிகளில் ஆறு முதல் எட்டு வயதினர் அறுவர்க்கு ஒருவர். ஒன்பது முதல் பதினான்கு வயதினர் எண்மர்க்கு ஒருவர். பிள்ளைகள் வருமுன் ஒரு கிழமை காப்பாளர்க்கே பயிற்சி நடக்கும். அதிற் பெரும்பகுதி நீர்க்காவல். ஏரியில் இறங்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இணை உண்டு. இருவரும் கைக்கெட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும். ஊதுகுழல் ஒலித்தவுடன் இணைகள் கைகோத்து உயர்த்த, கரையில் நிற்போர் எண்ணுவர். கரையிலே ஒரு பலகை. அதில் அவரவர் பெயர்ச்சீட்டு. நீரினின்று ஏறிய பிள்ளை சீட்டைத் திருப்ப மறந்துவிடின் பாடி முழுதும் நடுங்கும். காப்பாளர் கைகோத்து வரிசையாக நின்று, நீரடியைக் காலால் துழாவி நடப்பர். 'தேடப்பட்ட பெண் குடிலிற் படுத்து நூல் வாசித்துக்கொண்டிருந்தாள். ஆயினும் என் கால்கள் அன்று மாலைவரை நடுங்கின' என்று எம் பெயர்த்தி எழுதினாள்.

இடி முழங்கின் நீரை விட்டேறி, கடைசி முழக்கத்தின்பின் அரைமணி காத்திருத்தல், காட்டில் நடந்து வந்தபின் உண்ணி பற்றியுளதோ என்று உடலை நோக்குவித்தல், மருந்து எதனையும் தாமே கொடாது மருத்துவப் பணியாளரிடம் விடுத்தல்: இவையெல்லாம் விதிகள், எழுதிவைத்துக் கற்கலாம். எழுத இயலாதன சில உள. படுக்கையை இரவில் நனைக்கும் பிள்ளை ஒன்று ஏறக்குறைய எல்லாக் குடிலிலும் இருக்கும். ஏனையோர் காலையுணவுக்கு ஓடும்பொழுது காப்பாளர் ஏதோ மறந்தார்போல் திரும்பி வந்து, விரிப்பை மாற்றிப் போர்வையை முன்போலவே மடித்துவைத்தல் வேண்டும். அப்பிள்ளையும் தானறிந்ததாகக் காட்டாது, காப்பாளரும் காட்டார். இவ்வொன்றைப் படித்தபொழுதே யாம் எம் முனிவை விட்டேம்.

இனி, இத்தொழிலின் அரும்பகுதியாகிய வீட்டேக்கத்தைக் கூறுவேம். கிறிஸ்தோபர் தர்பர் என்னும் உளநூலறிஞர், பாடியிற் தங்கிய 329 சிறுவரை ஆராய்ந்து 1995இல் வெளியிட்டார். அவருள் நூற்றுக்கு 83 பேர் ஒருநாளேனும் வீட்டை நினைந்து வருந்தினராம். ஆகலின் ஏக்கம் நோயன்று, பெரும்பாலார்க்கு இயல்பு. மிகையாய் வருந்துவோர் சிலரே. குழந்தை மருத்துவராகிய எட்வர்டு வால்டன் என்பாரோடு அவர் 2007இல் எழுதிய கட்டுரை, பெற்றோர்க்கு ஒன்றை விலக்குகின்றது: 'அங்கே பிடிக்காவிடின் வந்து அழைத்துக்கொள்வோம்' என்று பிரியும்பொழுது உறுதி கூறற்க என்பது.

அஃதென்னை? அன்பினாற் கூறும் உறுதி பிள்ளைக்குத் துணையாகாதோ எனின், ஆகாது. 'உன்னால் இயலாது என்று யாம் முன்னரே அறிவேம்' என்பதே அவ்வுறுதியின் உட்பொருளாய்ப் பிள்ளைக்குப் படும். அப்பிள்ளை பாடியில் வாழாது, மீட்சியை எதிர்நோக்கி நாளெண்ணும். மீட்க வாராவிடினோ பெற்றோர் சொல் பொய்யாம்.

பெற்றோர்க்குக் கூறிய இவ்விலக்கு காப்பாளர்க்கும் ஒக்கும். எம் பெயர்த்தி அதனைப் பயிற்சியிற் கேட்டும் பிழைத்தாள். நான்காம் இரவு, ஒன்பது வயதுப் பெண்ணொருத்தி உண்ணாது உறங்காது அழுதாள். 'நாளை அம்மாவோடு பேசவைப்பேன் என்று சொல்' என்று கையைப் பற்றினாள். நள்ளிரவு கடந்தது, ஏனைய ஏழு பெண்களும் விழித்துக்கொண்டனர். இவள் 'ஆகட்டும்' என்றாள். அழுகை நின்றது. மறுநாள், முதற் கிழமையிற் தொலைபேசி இல்லை என்னும் விதியைப் பாடித் தலைவி நினைவூட்டினார். அப்பெண் எல்லார் முன்னும் இவளைப் பொய்யள் என்று கூறி, இரண்டு நாள் முகங்கொடாது திரிந்தாள். எமக்கு வந்த கடிதத்தில் இவள் எழுதியது இது: 'தாத்தா, அவள் அழுகையை ஆற்றுவதற்கன்று, நான் உறங்குவதற்கே அப்பொய்யைச் சொன்னேன்.'

யாம் இவ்வரியிலே நெடுநேரம் நின்றேம். எம்மையும் பத்தாம் வயதிற் பிறவூரிற் கல்வி கற்க விட்டனர். முதல் இரவு, எம்மைப் பார்த்துக்கொள்ள வைக்கப்பட்ட பெரியவர் ஒருவர், 'வெள்ளிக்கிழமை அப்பா வருவார், படு' என்றார். நல்லவர்தாம், அவர்க்கும் உறக்கம் வந்திருத்தல் வேண்டும். எத்துணை வெள்ளிக்கிழமைகள் திண்ணையில் அமர்ந்து தெருவை நோக்கினேம் என்பது இன்றும் நினைவிலுளது.

எம் பெயர்த்தி அப்பெண்ணிடம் மன்னிப்பு வேண்டினாள்; பொய்யள் என்று கேட்ட எழுவர் முன்னிலையிலேயே வேண்டினாள். பின்னர், அலுவலகத்தினின்றும் குடிலுக்குக் கடிதப்பையைச் சுமந்துவரும் பணியை அவட்கே கொடுத்தாள். வீட்டை நினையாதே என்று அடக்காது, வீட்டினின்று வருவதைத் தானே எல்லார்க்கும் பகிரும்படி வைத்தமை நன்று. எட்டாம் நாள் அவள் தாய்க்கு மூன்று வரி எழுதினாள். அவற்றுள் இரண்டு வரி, தான் கண்ட ஆமையைப் பற்றியன.

இன்னொரு விதியும் உண்டு. அது முதலில் எமக்கு உவர்ப்பாயிருந்தது. காப்பாளர் எவரும் பிறர் கண்ணுக்கு மறைவில் ஒரு பிள்ளையோடு தனித்திருத்தல் கூடாது. அழும் பிள்ளையைத் தேற்றுவதும் குடிலின் படிக்கட்டில், போவோர் வருவோர் காணவே நிகழ்தல் வேண்டும். அன்பை ஐயுறுவதோ இது என்று வினாவி எழுதினேம். அதற்கு அவள், 'பிள்ளைகளைக் கெடுத்தோரும் அன்புடையோர்போலவே இருந்தனர். நல்லோரை விதி வருத்தாது' என்று விடையிறுத்தாள். எமக்கு மறுமொழி இல்லை. பிறர் மக்களை ஏற்றுக்கொண்ட எவ்விடத்தும் இவ்விதி வேண்டும் என்று இப்பொழுது துணிகின்றேம்; நம்மிடத்தும் வேண்டும்.

பிரியும் நாளிலே எல்லாப் பிள்ளைகளும் அழுவர் என்பர். அவ்வொன்பது வயதுப் பெண் அழவில்லை. தாயின் வண்டி மரநிழலில் வந்து நின்றதும், தோழியரையும் மறந்து, பையையும் விட்டு ஓடினாள், திரும்பியும் பார்த்திலள். பையை எடுத்துச் சென்று வண்டியில் வைத்தவள் எம் பெயர்த்தி. மீண்டு வந்து குடிலைப் பெருக்கும்பொழுது, கட்டிலின்கீழ் ஈரங்காயாத காலுறை ஒன்று கிடந்ததாம். மாலையிற் புதுப் பிள்ளைகள் எண்மர் வரவிருந்தனர். அதனைக் கொடியிற் காயவிட்டு, விரிப்புகளை மாற்றத் தொடங்கினாள்.